ரிலேயில் மூன்றாவது ஆள்

1

ஐம்பதை நெருங்குகிற வயதில் பரீட்சைக்குப் போகிறவன் பாடு என்ன என்று ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். ஜெர்மனியின் வடக்கில், எப்போது பார்த்தாலும் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிற பிரேமன் நகரத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். ஆபீஸில் எல்லாம் இங்கிலீஷ். கடையில் விரலை நீட்டினால் சாமான் வந்துவிடும். ஆகையால் ஜெர்மன் மொழி என் நாக்கில் ஒட்டவே இல்லை. இப்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறேன் என்றதும், மொழித்தேர்வு எழுதிவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள்.

எழுத்துத் தேர்வு எப்படியோ தாண்டிவிட்டது. வாய்மொழித் தேர்வில் ஒரு கண்ணாடி போட்ட அம்மாள் ஒரு சீட்டைத் திருப்பி வைத்தார். ஐந்து வளையங்கள். கீழே கேள்வி: எந்த ஒலிம்பிக் போட்டியில் ஜெயிக்க உங்களுக்கு மிகவும் ஆசை? ஏன்? இரண்டு நிமிடம் பேசவும்.

நான் யோசிக்கவே இல்லை. "ஷ்டாஃபல்" என்றேன். ரிலே ஓட்டத்துக்கு இங்கே அதுதான் பெயர். அந்த அம்மாள் முகம் மலர்ந்து, "ஓ! எந்த சீரியலுடைய ஷ்டாஃபல்?" என்று கேட்டார். டிவி சீரியலின் ஒவ்வொரு பருவத்துக்கும் அதே வார்த்தைதானாம். நான் சீரியல் பார்த்து ஒலிம்பிக்கில் தங்கம் வாங்க ஆசைப்படுகிறவன் என்று நினைத்துவிட்டார் போல. மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, ஓடுகிற மாதிரி தோளை ஆட்டி, பின்னால் கையை நீட்டிக் காட்டினேன். அந்த அம்மாளுக்கு ஒரே சிரிப்பு. "சரி, சரி. ஏன் ரிலே?"

அந்த "ஏன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். வார்த்தை தெரியாமல் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஓடுவது அழகு, ஒற்றுமைக்கு நல்லது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களை எடுத்து விட்டேன். பாஸ் போட்டுவிட்டார்கள்.

உண்மையான பதிலை முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு மனுஷனிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அவன் பெயர் மைதீன். தென்காசியில் இருக்கிறான். அவனிடம் சொல்லிவிட்டுத்தான் இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்க வேண்டும் என்று ஊருக்குப் போனேன். பிரேமனுக்குத் திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. ஜெட்லாக் எல்லாம் தெளிந்துவிட்டது. மனசுதான் தெளியவில்லை.

2

என் மகள் மதிக்குப் பதினைந்து வயது. இங்கே ஒரு கிளப்பில் ஓடுகிறாள். அவளும் ரிலேதான். பரீட்சைக் கதையைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னபோது, புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

"அப்பா, உங்களால ரிலே ஜெயிக்க முடியாது. நாலு பேர் வேணும். உங்களுக்கு இங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களா?"

வேடிக்கைக்குத்தான் கேட்டாள். நான் எண்ணிப் பார்த்தேன். இல்லை.

அவர்கள் குச்சியைக் கை மாற்றும்போது, கொடுக்கிறவள் "ஹெப்!" என்று கத்த வேண்டுமாம். வாங்குகிறவள் திரும்பியே பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். நாங்கள் என்ன சொல்லிக் கத்துவோம் என்று கேட்டாள். "இந்தா" என்றேன். உடனே முகத்தைச் சுளித்தாள். அதற்கு ஒரு கதை உண்டு.

ஜெர்மன் மொழியில் இந்தியனுக்கு "இன்டர்" என்று பெயர். கடைசி "ர்"ரை விழுங்கிவிடுவதால் காதுக்கு "இன்டா" என்றுதான் கேட்கும். மதி மழலையர் பள்ளியில் சேர்ந்த புதிதில், பக்கத்தில் இருந்த பிள்ளைக்குப் பிஸ்கட்டை நீட்டி, வீட்டில் சொல்லுகிற மாதிரியே "இந்தா" என்றிருக்கிறாள். அது, "நான் இந்தியன் இல்லை, நீதான் இந்தியன்" என்று கத்த, வகுப்பே கைகொட்டிச் சிரித்திருக்கிறது. அன்று சாயங்காலம் வந்து என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். அதற்குப் பிறகு வெளியிடத்தில் அந்த வார்த்தையை நாங்கள் யாரும் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். காய்கறிக் கடையில் பையை நீட்டுகிற போதுகூட நான் ஊமையாக நீட்டுகிறேன்.

ஒரு வார்த்தை போனால் என்ன என்று தோன்றலாம். ஒரு வார்த்தையோடு நின்றதா? இப்போது அவள் என்னோடு தமிழில் பேசுவது எனக்காக. தனக்குள் கோபப்படுவது, கனவில் உளறுவது எல்லாம் ஜெர்மனில். அவளுக்கு வலித்தால் "அம்மா" என்று வருவதில்லை, "அவா" என்று வருகிறது. போகட்டும். நான் சொல்ல வந்தது அந்த "இந்தா"வைப் பற்றி.

நம் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டு வேலை. கையில் ஒன்றைக் கொடுத்தால் "இந்தா, பிடி". கையில் ஒன்றும் இல்லாமல், இதோ வந்துவிட்டேன் என்பதற்கும் "இந்தா வாரேன்". பிடி என்றால் கையை நீட்ட வேண்டும். வாரேன் என்றால் பொறுத்திருக்க வேண்டும். மற்ற பள்ளிக்கூடப் பையன்கள் எல்லாம் "ஹேண்ட்" என்று கத்தினார்கள். நாங்கள் தென்காசிக்காரர்கள், அதிபுத்திசாலிகள், "இந்தா" என்று வைத்துக்கொண்டோம்.

3

அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை. மாவட்டப் போட்டி என்றால் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும். நாங்கள் பிளஸ் டூ. நூறு மீட்டரில் பள்ளியிலேயே வேகம் மைதீன், அடுத்தவன் நான். அவன் வாப்பா கைலி வியாபாரி. என் அப்பாவுக்குக் கீழப்பாவூரில் கொஞ்சம் வயல். இரண்டு வீட்டிலும் காலேஜ் படிக்க வைக்கிற வசதி இல்லை. எங்கள் பி.டி. சார் முன்பே சொல்லியிருந்தார்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு பேரைத்தான் சிபாரிசு செய்ய முடியும். அது மைதீன் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

ரிலேயில் மைதீன் மூன்றாவது ஆள், நான் கடைசி. மூன்றாவது ஆளுக்குத்தான் கடைசி வளைவு. வளைவில் வேகம் குறையாமல் வருகிறவன் எங்கள் பள்ளியில் அவன் ஒருவன்தான். முந்தைய நாளே, நான் நிற்கிற இடத்திலிருந்து பின்னால் இருபது பாதம் அளந்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பழகியிருந்தோம். அவன் அந்தக் கோட்டை மிதிக்கும்போது நான் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் கிளம்பினால் அவனால் எட்டிப் பிடிக்க முடியாது. இவ்வளவுதான் விஷயம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

இறுதிப் போட்டி. மைதீன் வளைவில் வருகிறான். எல்லாருக்கும் முன்னால் வருகிறான். வாயைத் திறந்துகொண்டு, வெறும் காலில், புழுதி பறக்க வருகிறான். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது பக்கத்துப் பாதையில் நின்றவனுடைய கால் அசைந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கிளம்பிவிட்டேன். மைதீன் கோட்டை மிதிக்க இன்னும் நாலு எட்டு இருந்தது.

பின்னாலிருந்து கத்தினான்.

"இந்தா வாரேன், நில்லுலே!"

முதல் வார்த்தை காதில் விழுந்ததும் பழக்கத்தில் கை தன்னால் பின்னால் போனது. அதற்குப் பிறகு அவன் சொன்னதும் காதில் விழுந்தது. "வாரேன்" விழுந்தது, "நில்லு" விழுந்தது, "லே" கூட விழுந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. நின்றால் பக்கத்துப் பாதைக்காரன் போய்விடுவான். கையை நீட்டிக்கொண்டே ஓடினேன். மைதீன் உடம்பை முழுக்க முன்னால் எறிந்து குச்சியை நீட்டினான். அது என் விரல் நுனியில் பட்டு, தெறித்து, கீழே விழுந்தது. அவன் முழங்கால் தரையில் தேய்ந்துகொண்டு வந்தது. மற்ற ஆறு பள்ளிக்கூடமும் எங்களைத் தாண்டிப் போயின.

4

அந்த முழங்காலோடு அவனை நிறுத்தி வைத்துத்தான் பி.டி. சார் விசாரித்தார். அவர் கெட்டவர் இல்லை. தூரத்தில் நின்றதால் அவருக்குக் கேட்டது "இந்தா" மட்டும். பார்த்தது என் வெறும் கை.

"ஏலே, இந்தான்னு சொன்னியா?"

"சொன்னேன் சார்."

"ஆளு கிட்ட வராமலே ஏம்லே சொன்ன?"

மைதீன் என்னைப் பார்த்தான். "நில்லுன்னுதான சார் சொன்னேன்... இந்தா வாரேன், நில்லுன்னு..."

சார் என் பக்கம் திரும்பினார். "நில்லுன்னு சொன்னானாலே? ஒனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல சார்."

"நீ கோடு பாத்துத்தான கெளம்புன?"

"ஆமா சார்."

இரண்டே பதில். அந்த நிமிஷம் காலேஜ் சீட்டெல்லாம் என் ஞாபகத்திலேயே இல்லை, பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன் என்று எனக்கு நானே ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞாபகத்தில் இருந்தது. நன்றாகவே இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் மைதீன் முன் சீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஆலங்குளம் தாண்டியதும் எழுந்து நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"சங்கரு, மன்னிச்சிருலே" என்றான். "நில்லுன்னு சொன்னேன்னுதான் நெனச்சேன். எல்லாரும் இல்லங்காவ. வாய்க்குள்ளயே சொல்லிட்டேம் போல. ஒன் மெடலக் கெடுத்துட்டேன்."

நான் அவன் தோளில் கை போட்டு, "விடுலே" என்றேன். அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

குச்சியைத் தவற விடுகிறவனை நம்பி அனுப்ப முடியாது என்று சார் என் பெயரை எழுதினார். எனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்தது; பிறகு பெங்களூர்; பிறகு ஜெர்மனி. மைதீன் மச்சான்மார் போன வழியில் சவுதிக்குப் போனான். தம்மாமில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் அடுப்புப் பக்கம் இருபது வருஷம் நின்றுவிட்டு, சர்க்கரை வியாதியோடு ஊருக்கு வந்தான்.

5

வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு ஊரில் ஒரு ஆள் வேண்டும். அண்ணன் தம்பி இருந்தால் கொடுத்துவைத்தவன். நான் ஒற்றைப் பிள்ளை. அம்மா போன பிறகு அப்பா தென்காசி வீட்டில் தனியாக இருந்தார். "எப்பம்லே வருத?" என்று போனில் கேட்பார். "இந்தா வாரேம்ப்பா" என்பேன். ஒவ்வொரு தடவையும் அதே பதில். அந்த வார்த்தைக்கு நம் ஊரில் இருக்கிற இரண்டு வேலை போதாது என்று நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: வரமாட்டேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டது மைதீன். அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோது, தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடினான். மூன்று வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தான். மலம் அள்ளினான். "ஒம் பையன் மாரி ஒரு பையன் உண்டாய்யா" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் அப்பாவிடம் சொன்னாராம். இவன் என் பையன் இல்லை என்று அப்பா சொல்லவில்லையாம். அதை மைதீனே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னான்.

அப்பா இறந்த அன்று என் கையில் செல்லுபடியாகும் குடியிருப்பு அட்டை இல்லை. பழையது காலாவதியாகி, புதியது வரவில்லை. அயல்நாட்டார் அலுவலகத்தில் நேரம் வாங்குவதற்கு இணையத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு பக்கம் திறக்கும். ஏழு அடித்து ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். நேராகப் போய் நின்று, அப்பா செத்துப்போனார் என்று சொன்னேன். அழுகையில் எனக்கு வந்த ஜெர்மன் வாக்கியம் தப்பு. "என் அப்பா இறக்கப் போகிறார்" என்று வந்துவிட்டது. "எப்போது?" என்று கேட்டாள் அந்தப் பெண், பேனாவைப் பிடித்துக்கொண்டு. சரியான கேள்விதான்.

போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பாடை தூக்கிய நாலு தோளில் ஒன்று மைதீனுடையது.

பதினாறு முடிந்த பிறகு போனில் கேட்டேன். "ஏம்லே இவ்வளவும் செஞ்ச? ஒனக்கு என்னலே தலையெழுத்து?"

"அன்னைக்கிப் பாளையங்கோட்டைல ஒங் கைல ஒழுங்காக் குடுக்கலல்லா. அதாம்" என்றான், ரொம்பச் சாதாரணமாக.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவன் விலகிவிடுவான். விலகிவிட்டால் பூட்டிக்கிடக்கிற வீட்டுக்கு யார் விளக்குப் போடுவது, வரி கட்ட யார் போவது, ஊரில் எனக்கு என்று யார் இருக்கிறார்கள்? "சரிலே, வைக்கட்டா? மீட்டிங் இருக்கு" என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

இப்போது புரியுமே, அந்தக் கண்ணாடி அம்மாளுக்கு நான் சொல்லாத பதில். ஒலிம்பிக்கில் ரிலேயில் ஜெயிக்க எனக்கு ஆசை. ஆனால் கடைசி ஆளாக இல்லை. நாடாவைக் கிழிப்பதும், போட்டோவில் வருவதும் கடைசி ஆள். எனக்கு மூன்றாவது ஆளாக ஓட வேண்டும். வளைவு முழுக்க ஓடி, இன்னொருவன் கையில் சரியாகக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க அங்கேயே நின்றுகொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டு ஓடியது போதும்.

6

குடியுரிமை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. மேலே சொன்னவை எல்லாம் உண்மை. பொய் சொல்லிப் பெற்றது என்று பின்னால் தெரிந்தால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதை அறிவேன். அதன் கீழே கையெழுத்து. நான் அந்தப் பாரத்தில் ஒரு பொய்யும் எழுதவில்லை. ஆனால் பேனாவை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த விதி பி.டி. சார் எழுதிய சிபாரிசுக்கும் உண்டென்றால், என் டிகிரி போகும், வேலை போகும், இந்த வீடு போகும், நான் போட்டிருக்கிற சட்டைகூடப் போகும்.

என் மனைவி வசந்தி புளியங்குடிக்காரி. வெடுக்கென்று பேசுவாள். அன்றுதான் அவளிடம் முழுக்கச் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இத இப்பப் போய்ச் சொல்லி என்னத்துக்கு? அந்த அண்ணனுக்கு ஏற்கெனவே கால்ல ரெண்டு வெரல எடுத்தாச்சு. ஒங்க நெஞ்சுப் பாரத்த எறக்கதுக்கு அவுக தலைல கொண்டு போட்டுட்டு வரப் போறீங்களாக்கும்?"

"பின்ன எப்பம்தான் சொல்லச் சொல்லுத?"

"முப்பது வருசத்துக்கு முன்னால சொல்லணும்" என்றாள். எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவள் சொன்னது சரிதான். நான்தான் கேட்கவில்லை. நம் நாட்டில் இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ள முடியாது. ஜெர்மன் குடியுரிமை வந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால், நம் ஊர்க்காரனாகவே போய் அவன் முன்னால் நின்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. மதியையும் கூப்பிட்டேன். கிளப்பில் கோடைப் பயிற்சி இருக்கிறது என்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

7

சீசன் மாதங்களில் மைதீன் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கடை பிடித்துப் போடுவான். துண்டு, டிராயர், சோப்பு, ஷாம்பு பாக்கெட். குளிக்க வந்துவிட்டு, மாற்றுத் துணி கொண்டு வராதவர்களை நம்பித்தான் பிழைப்பு. நான் போன அன்று மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம். பாதுகாப்பு வளைவை மூழ்கடித்துக்கொண்டு தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. போலீஸ் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் எல்லாம் மினுமினு என்று சாரலில் நின்றுகொண்டு, எப்போது விடுவீர்கள் என்று போலீஸ்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். கடையில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை.

மைதீன் ஸ்டூலில் உட்கார்ந்து, நனைந்த துண்டுகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான். இடது காலில் துணிக் கட்டு, அதன்மேல் பாலிதீன் கவர்.

"ஏலே சங்கரு! என்னலே இது, சொல்லாமக் கொள்ளாம? தொப்பை போட்டுட்டியே! வீட்டைத் தொறந்து பாத்தியா? மோட்டார் மாத்திட்டேன், தண்ணி ஏறுதா?"

"ஏறுது."

"மதி வரலயா?"

"வரல."

அருவிச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. டீ வாங்கி வரச் சொன்னான். வாங்கி வந்தேன். டீயைக் குடித்து முடிக்கிற வரை ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிற தன் மகன் அசனைப் பற்றிப் பேசினான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்களாம். இனிமேல் தள்ளிப்போட்டால் வாயே திறக்க மாட்டேன் என்று தெரிந்தது. சொன்னேன். இப்படி ஒரு விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"மைதீன், அன்னைக்கிப் பாளையங்கோட்டைல... நான் முன்னாடியே கெளம்பிட்டேம்லே. நீ கோட்டை மிதிக்கல."

அவன் சிரித்தான். "இன்னும் அதையே போட்டுக் கொழப்பிக்கிட்டுத் திரியுதியா? விடுலே, பழைய கத."

"நீ நில்லுன்னு சொன்ன. எனக்குக் கேட்டுச்சு. சார்ட்ட கேக்கலன்னு பொய் சொன்னேன்."

மடித்துக்கொண்டிருந்த துண்டு அப்படியே கையில் நின்றது.

"என்ன சொன்ன?"

மறுபடி சொன்னேன். இந்தத் தடவை இன்னும் உரக்க. வழியில் போன ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும், எந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னாலும் எப்படித் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் ஏரோப்பிளேனில் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவன் முகத்தில் கோபம் வரவில்லை. ஏதோ கணக்கில் தப்பு விழுந்ததுபோல் நெற்றியைச் சுருக்கினான்.

"அப்ப நான் சொன்னேனா?"

"சொன்ன."

"வெளியதான் சொன்னேனா? வாய்க்குள்ள இல்லையே?"

"கத்துனலே. நல்லாக் கத்துன."

"யா அல்லா" என்றான். துண்டை மடியில் வைத்தான். அருவியைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் இல்லாமல், எதிரில் வேறு யாரிடமோ சொல்லுகிற மாதிரி சொன்னான்.

"அசன் எட்டாப்புப் படிக்கையில, நான் சவுதிலேருந்து லீவுல வந்திருந்தப்ப, அவனை ஓட எடுத்தாங்க. ரிலேல மூணாவது ஆளு. வளைவுல அப்பிடி வருவான். சார் வீடு தேடி வந்து கேட்டாரு. நான் முடியாதுன்னுட்டேன். பள்ளிக்கூடத்துக்கே போயிப் பேர அடிக்கச் சொன்னேன். நம்ம கை குடுக்கத் தெரியாத கைலே, நீயும் போயி நாலு புள்ளைய அழ வைக்காதேன்னேன். மூணு நாளு சோறு திங்கல. உம்மாக்காரி காலப் பிடிச்சுக் கெஞ்சுனா. விடலயே நான். அதுக்கப்பறம் அவன் ஓடவே இல்ல. ஒரு பஸ்ஸப் பிடிக்கக்கூட ஓட மாட்டான்."

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஒரு பொய்யை மைதீன் ஒருத்தன் தலையில்தான் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். கண்ணுக்கு நேராகத் தூரமாகப் பிடித்துக்கொண்டு ஒரு எண்ணை அழுத்தினான். ஒலி போகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு, என் கையில் திணித்தான்.

"எங்கிட்டச் சொன்னத அவங்கிட்டச் சொல்லு."

"மைதீன்..."

"சொல்லுலே."

போனில் அசன் வந்தான். வாப்பாவின் நம்பரில் என் குரலைக் கேட்டதும் பதறிவிட்டான். "மாமா, நீங்களா? எப்பம் வந்தீங்க? வாப்பாக்கு ஒண்ணும் இல்லைலா?" ஒன்றும் இல்லை என்றேன். கடையின் தகரத்தை ஒட்டி நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன். அப்பனிடம் சொன்னதைவிட மகனிடம் சொல்ல நேரம் ஆனது. அவன் பக்கத்தில் சாமான் வண்டிகளின் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகும் அதுதான் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று ஹலோ என்றேன்.

"இருக்கேன் மாமா." தொண்டையைச் செருமினான். "வாப்பா பக்கத்துல இருக்காவளா?"

"இருக்கான்."

"நான் அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன்னு சொல்லுங்க. எனக்கு இருவத்தொம்பது வயசாவுது மாமா. இனும என்ன ஓட்டம். அவுகளுக்குச் சுகர் ஏறிரும், மாத்திரையப் போடச் சொல்லுங்க. பிரேக் முடிஞ்சிட்டு, வைக்கேன்."

வைத்துவிட்டான். மைதீன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னலே சொன்னான்?"

"எப்பவோ மறந்துட்டானாம்."

மைதீன் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினான். அதில் பட்டிருந்த சாரலைத் துண்டின் ஓரத்தால் துடைத்தான்.

"அவனும் பொய் சொல்லுதான்" என்றான்.